ரெண்டு காசு, ஒரு காத்தாடி: தொடர்ச்சிப் படத்தைப் பள்ளியில் காட்டும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதியம்மன் கோயில் பாரதத்தில், பத்தாம் நாள் இரவுக் கூத்துக்குப் புதிதாக வந்து உட்காருகிற பிள்ளைக்கும் கதை பிடிபட்டுவிடும். பகலில் பாரதப் பிரசங்கியார் நடந்ததையெல்லாம் சொல்லி வைத்திருப்பார். இரவில் கட்டியங்காரன் திரைக்கு முன்னால் வந்து, இப்போது வரப்போகிறது யார், யார்மேல் என்ன கோபம் என்று எடுத்துவிடுவான். அதற்குப் பிறகுதான் வேஷம் வெளியே வரும். பழைய படம் ஒன்றின் தொடர்ச்சியாக வந்த படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போதும் இந்த இரண்டு ஆளும் வேண்டும். நேராகப் படத்தை ஓட்டிவிட்டால் ஆட்டம்தான் தெரியும், கதை தெரியாது.

இங்கே எடுத்துக்கொள்வது மேரி பாப்பின்ஸ். பி. எல். டிராவர்ஸ் 1934 முதல் எழுதிய புத்தக வரிசை அது. அதிலிருந்து வந்த முதல் படம் 1964-இல் வெளியானது, 139 நிமிடம். ஜூலி ஆண்ட்ரூஸுக்குக் கிடைத்த சிறந்த நடிகை விருதையும் சேர்த்து 5 ஆஸ்கர் வாங்கியது. தொடர்ச்சியான மேரி பாப்பின்ஸ் ரிட்டர்ன்ஸ் 2018 டிசம்பரில் வந்தது, 130 நிமிடம். ராப் மார்ஷல் இயக்கம், எமிலி பிளண்ட் நடிப்பு. நடுவில் 54 ஆண்டு. லண்டனில் அது பாட்டி சிறுமியாகப் பார்த்த படம், பேத்திக்கும் தெரிந்த படம். பாலக்கோட்டிலோ கெலமங்கலத்திலோ ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா நடப்பதால் உட்கார்ந்து படம் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது, பல பள்ளிகளில் ப்ரொஜெக்டரும் இருக்கிறது. தொடர்ச்சிப் படத்துக்கு அது மட்டும் போதாது. நடனம், கார்ட்டூன், தலைகீழாகத் திரும்பும் வீடு எல்லாவற்றையும் பிள்ளைகள் கை தட்டி ரசிப்பார்கள், கடைசி 20 நிமிடத்தில் "எந்த ரெண்டு காசு?" என்று பக்கத்துப் பிள்ளையைக் கேட்பார்கள். அந்தப் படத்தின் முடிச்சுகள் எல்லாம் முதல் படத்தில் போட்டவை.

கதையின் முடிவும் இந்தப் பதிவில் வரும். இது திரையிடுகிற ஆசிரியர்களுக்கும் நூலகத் தன்னார்வலர்களுக்கும்.

முதலில் ஊன்ற வேண்டிய விதைகள்

முடிந்தால் முதல் படத்தையே காட்டுங்கள். ஒரே மூச்சில் 139 நிமிடம் ஆறாம் வகுப்புக்குக் கீழே தாங்காது. இரண்டு நாளாகப் பிரியுங்கள். சிரிக்கச் சிரிக்க உடம்பு மேலே மிதந்து கூரையை முட்டும் மாமாவின் வீட்டுக் காட்சி முடிந்ததும் முதல் நாளை நிறுத்தினால் பிள்ளைகள் சிரிப்போடு வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் வங்கிக் கதை புதிதாகத் தொடங்கும். இரண்டு நாள் கிடைக்காவிட்டால் முதல் படத்தின் கதையை 25 நிமிடத்தில் வாயால் சொல்லலாம். ஆனால் கீழே சொல்லும் சங்கதிகள் ஒன்றும் விடுபடக் கூடாது.

கதை 1910-இல் லண்டனில், செர்ரி மரத் தெரு 17-ஆம் எண் வீட்டில் நடக்கிறது. அப்பா ஜார்ஜ் பேங்க்ஸ் வங்கியில் வேலை பார்க்கிறவர், பிள்ளைகளோடு பேச நேரமில்லாதவர். பிள்ளைகள் ஜேன், மைக்கேல். கீழைக்காற்று அடிக்கும்போது குடை பிடித்தபடி வானத்திலிருந்து ஒரு பிள்ளை வளர்க்கும் பெண் வந்து இறங்குகிறாள். அவள்தான் மேரி பாப்பின்ஸ். காற்று மேற்காகத் திரும்பியதும் போய்விடுகிறாள். பிள்ளைகளுக்கு இது எளிதாக ஏறும், ஆடிக்காற்றும் மார்கழி வாடையும் திசை மாறி அடிப்பது அவர்கள் உடம்புக்குத் தெரிந்த விஷயம்.

அடுத்தது ரெண்டு காசு. சின்னப் பையன் மைக்கேல் தன் கையிலிருக்கும் 2 பென்னியைப் புறாக்களுக்குத் தீனி வாங்கக் கொடுக்க நினைக்கிறான். அப்பாவும் கிழட்டு வங்கி முதலாளியும் அதை வங்கியில் போடச் சொல்லிப் பிடுங்கப் பார்க்கிறார்கள். பையன் "என் காசைக் கொடு" என்று கத்த, அதைக் கேட்ட வாடிக்கையாளர்கள் வங்கி கவிழ்கிறது என்று நினைத்துத் தங்கள் பணத்தைக் கேட்டுக் கூட்டமாக மோதுகிறார்கள். அப்பாவுக்கு வேலை போகிறது. இந்த 2 பென்னியை "ரெண்டு ரூபாய்" என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு ரெண்டு ரூபாய் என்றால் மிட்டாய்க் காசு, அதற்குமேல் கற்பனை ஓடாது. அன்றைய பிரிட்டனில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. நம்மிடமும் 1957 வரை ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா இருந்தது. பிரிட்டன் பழைய கணக்கை விட்டது 1971-இல்தான். "காலணா" என்று சொல்லி, வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள் யாராவது ஒரு பிள்ளை நடுவில் ஓட்டை போட்ட செப்புக்காசைக் கொண்டு வந்தால் அதை எல்லோர் கையிலும் சுற்றவிடுங்கள்.

மூன்றாவது காத்தாடி. வேலை போன அப்பா அழாமல், உடைந்து கிடந்த காத்தாடியை ஒட்டிப் பிள்ளைகளோடு பறக்கவிடப் போகிறார். அம்மா பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடுகிறவள்; தோளில் போட்டிருந்த போராட்டப் பட்டையைக் கழற்றிக் காத்தாடிக்கு வாலாகக் கட்டிவிடுகிறாள். நம் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1921-இல் என்பதை இந்த இடத்தில் ஒரு வரி சொல்லலாம்.

இன்னும் ஒன்று, சின்னது. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் ஓய்வு பெற்ற கப்பல்படைத் தளபதி ஒருவர் நேரம் தவறாமல் பீரங்கி வெடிப்பார். இதைச் சொல்லாமல் விட்டால் தொடர்ச்சியில் வரும் நல்ல நகைச்சுவை ஒன்று வீணாகும்: அதில் ஊர்க் கடிகாரமான பிக் பென்னுக்கும் அவர் பீரங்கிக்கும் நேரம் ஒத்துப்போகாது. கடைசியில் பிக் பென் முள்ளை 5 நிமிடம் பின்னால் தள்ளிய பிறகுதான் அவர் கணக்கும் ஊர்க் கணக்கும் சேரும்.

இனித் தொடர்ச்சி. அந்தச் சின்ன மைக்கேல் வளர்ந்து மூன்று பிள்ளைகளுக்கு அப்பா ஆகிவிட்டான். மனைவி இறந்து ஓராண்டு. காலம் 1930-களின் பொருளாதாரச் சரிவு. வீட்டின்மேல் வாங்கிய கடனுக்குத் தவணை தவறியதால் மொத்தத்தையும் வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள் கட்டு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய் என்று வங்கி சொல்லிவிடுகிறது. கடன், கெடு, நோட்டீஸ், ஜப்தி: இந்த நான்கு சொல்லும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாதவை. நகைக்கடன் நோட்டீஸ் வீட்டுக்கு வந்ததைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அப்பா விட்டுப்போன பங்குப் பத்திரம் கிடைத்தால் வீடு தப்பும் என்று படம் முழுக்கத் தேடுகிறார்கள். அந்தத் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து, பிறகு அதையே வைத்துப் பழைய காத்தாடியை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். கடைசியில் வீட்டைக் காப்பாற்றுவது அன்றைக்குப் பையனாக இருந்தபோது வங்கிக்குப் போய்ச் சேர்ந்து, இத்தனை ஆண்டு குட்டி போட்டு வளர்ந்த அந்த ரெண்டு காசு. அதைச் சொல்ல வருகிற கிழவராக நடித்தவர் டிக் வான் டைக். முதல் படத்தில் புகைபோக்கி துடைக்கும் பெர்ட்டும் அவர்தான், தாடி வைத்த கிழ வங்கி முதலாளியும் அவர்தான். தொடர்ச்சியில் 90 வயதைத் தாண்டிய நிலையில் மேசைமேல் ஏறி ஆடுகிறார். முதல் படத்திலிருந்து பெர்ட்டின் முகத்தை ஒரு தடவை நிறுத்திக் காட்டி வைத்தால், அந்த ஆட்டம் வரும்போது அரங்கமே எழுந்துவிடும்.

முதல் படத்தின் பெரிய காட்சிகளுக்கெல்லாம் தொடர்ச்சியில் ஒரு ஜோடி உண்டு. சுண்ணக்கட்டி ஓவியத்துக்குள் குதிப்பது முன்பு. பீங்கான் கிண்ணத்தின் ஓவியத்துக்குள் போவது இப்போது. மிதக்கும் மாமாவுக்கு ஜோடி, இரண்டாம் புதன்கிழமைதோறும் வீடு தலைகீழாகும் டாப்ஸி என்ற உறவுக்காரி. கூரைமேல் ஆடும் புகைபோக்கித் தொழிலாளிகளுக்கு ஜோடி, சைக்கிளும் ஏணியுமாக ஆடும் தெருவிளக்கு ஏற்றுகிறவர்கள். அவர்களில் ஜாக், பெர்ட்டிடம் எடுபிடியாக இருந்த பையன். பாட்டுகளில் என் ஓட்டு முதல் படத்துக்கு. துக்கத்தைத் தொட்டுப் பேசுவதில் இரண்டாவது படம் முதலாவதைவிட ஆழமானது.

ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் கட்டாயம் சொல்லுங்கள். 1964-இல் கணினி இல்லாமல் நடிகர்களையும் கார்ட்டூனையும் எப்படி ஒன்றாக வைத்தார்கள்? நடிகர்களுக்குப் பின்னால் சோடியம் ஆவி விளக்கால் ஒளியூட்டிய திரையை நிறுத்தினார்கள். தெருக்களில் எல்.இ.டி. வருவதற்கு முன்னால் எரிந்த மஞ்சள் விளக்கு அதே சோடியம்தான். அந்த மஞ்சள் மிகக் குறுகிய ஒரே அலைநீளம், 589 நானோமீட்டரை ஒட்டியது. கேமராவுக்குள் இருந்த பட்டகம் அந்த மஞ்சளை மட்டும் தனியே பிரித்து வேறொரு சுருளுக்கு அனுப்பியது. அந்தச் சுருளில் நடிகரின் வடிவம் துல்லியமாக வெட்டிய நிழலாகக் கிடைத்தது. மெல்லிய தொப்பி வலை, கூந்தல் விளிம்பு எல்லாம் சிதையாமல் வந்ததற்கு அதுவே காரணம்.

கட்டியங்காரன் வேலை

படத்தை ஆங்கில ஒலியோடு ஓட்டும்போது ஒரு கதைசொல்லி கட்டாயம் வேண்டும். ஆங்கில வசன வரிகளை எட்டாம் வகுப்புக்குக் கீழே யாரும் அந்த வேகத்தில் படிக்க மாட்டார்கள்; படிக்க முயன்றால் படத்தைப் பார்க்க மாட்டார்கள். அணைத்துவிடுங்கள்.

கதைசொல்லி படத்தை இரண்டு முறை தனியாகப் பார்த்து, பேச வேண்டிய 12 முதல் 15 இடங்களை நிமிடத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 20 விநாடிக்குமேல் பேசக் கூடாது. வசனத்தின்மேல் பேசக் கூடாது. பாட்டின்மேல் மூச்சே விடக் கூடாது. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் இரண்டே வாக்கியம்: யார் பாடுகிறார், எதற்காக. பெரும்பாலும் நடக்கும் தவறு, கதைசொல்லி ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்க்கத் தொடங்குவது. பத்து நிமிடத்தில் பின்தங்கிவிடுவார், அரை மணியில் தொண்டை கட்டும், பிள்ளைகள் யாரைக் கேட்பது என்று தெரியாமல் தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள். முகத்தைப் பார்த்தே புரிகிற கோபத்துக்கும் சிரிப்புக்கும் உரை வேண்டாம். வங்கி அதிகாரி வில்கின்ஸ் நல்லவர்போலப் பேசிவிட்டுக் கதவைச் சாத்தியபின் செய்கிற வேலை முகத்தில் தெரியாது, அதைச் சொல்லுங்கள்.

நிற்கும் இடம் திரைக்கு இடது பக்கம், திரையும் பிள்ளைகளும் இரண்டும் தெரிகிற கோணம். குறிப்பைப் படிக்க, டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்; வெள்ளை வெளிச்சம் திரையில் பட்டுக் கறுப்பை வெளுக்க வைக்கும்.

ஓசூர், பாகலூர், தளிப் பக்கம் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான். முக்கியச் சொற்களை மூன்று மொழியிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். காத்தாடி தெலுங்கில் காலிபடம், கன்னடத்தில் காளிபட. கடன் தெலுங்கில் அப்பு, கன்னடத்தில் சால. இந்த ஒரு நிமிட வேலைக்குப் பின்வரிசையில் கிடைக்கும் கவனம் பெரிது.

தாயில்லாத பிள்ளைகள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். படத்தின் மூன்று பிள்ளைகளும் அம்மாவை இழந்தவர்கள். ஓர் இரவு, தொலைந்துபோனவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று மேரி பாப்பின்ஸ் தாலாட்டாகப் பாடுவாள். அழகான இடம், கனமான இடமும்கூட. அப்பாவோ அம்மாவோ இல்லாத பிள்ளைகள் யார் யார் என்று வகுப்பாசிரியரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களைத் தனியே உட்கார வைக்கக் கூடாது. "இந்தக் கதையில் அம்மா இல்லை, ஆனா அவங்களைப் பத்திப் பேசுவாங்க" என்று எல்லோருக்கும் பொதுவாக முன்னுரையிலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்து பார்ப்பதற்கும் திடீரென்று மோதுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தருமபுரி மாவட்டத்தில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பெற்றோரைப் பிரிந்து பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கும் அந்தப் பாட்டு பொருந்தும். அந்த நான்கு நிமிடம் ஆசிரியர் ஒருவர் பின்னால் நிற்காமல் பிள்ளைகள் நடுவில் தரையில் உட்கார்ந்திருக்கட்டும்.

இதற்கு முன்னால், கிண்ணத்துக்குள் ஓநாய் ஒன்று கடைக்குட்டியைத் தூக்கிப் போகும் துரத்தல் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பயப்படுவார்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் அழைக்காதீர்கள்.

இடைவேளையைத் தாலாட்டு முடிந்த உடனே விடாதீர்கள். பாதி நேரம் கிட்டத்தட்ட அங்கேதான் வருவதால் கை தானாக நிறுத்தப் போகும். திரையில் அடுத்த நாள் காலை வெளிச்சம் வரட்டும், பிள்ளைகள் உட்காரும் விதம் மாறட்டும், பிறகு நிறுத்துங்கள். 15 நிமிடம் போதும். தீனிக்கு நிலக்கடலை வேண்டாம். படம் ஓடும்போது ஓடு உடைக்கும் சத்தம் நூறு பேரிடமிருந்து வந்தால் வசனம் கேட்காது. கொண்டைக்கடலைச் சுண்டல் நல்லது. 100 பேருக்கு உலர்ந்த கடலை 4 கிலோ, முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும்.

காத்தாடி கட்டுவது

இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு வாரம் விட்டு, அந்த வாரத்தில் பிள்ளைகள் கையாலேயே காத்தாடி கட்டட்டும். தொடர்ச்சியில் மேரி பாப்பின்ஸ் கடைக்குட்டி ஜார்ஜி பிடித்திருக்கும் காத்தாடியோடு வந்து இறங்குகிறாள். சொந்தமாக ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்ட பிள்ளைக்கு அந்த நூலின் இழுப்பு கையில் தெரியும்.

மூங்கிலைக் கால் அங்குல அகலம், அதில் பாதி கனத்துக்குச் சீவுங்கள். நடுக்குச்சி 24 அங்குலம், குறுக்குக் குச்சி 20 அங்குலம். மேல்நுனியிலிருந்து 6 அங்குலம் கீழே இரண்டையும் வைத்து நூலால் இறுகக் கட்டுங்கள். நான்கு நுனியையும் சுற்றி ஒரு நூல் ஓடட்டும். நாளிதழ்த் தாளை அந்த நூலுக்கு வெளியே முக்கால் அங்குலம் விட்டு வெட்டி, உள்ளே மடித்து மைதாப் பசையில் ஒட்டுங்கள். பசை கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீராக இருந்தால் தாள் சுருங்கிக் குச்சியை முறுக்கும். குறுக்குக் குச்சியின் இரு நுனிக்கும் நடுவே முதுகுப்பக்கமாக நூல் கட்டி, இரண்டு அங்குலம் வளையும்படி இழுத்தால் காற்றில் தள்ளாடாது. நடுக்குச்சியில் மேலே 4 அங்குலத்திலும் கீழே 4 அங்குலத்திலும் ஒரு சூத்திர நூலைக் கட்டி, குறுக்குக் குச்சிக்குச் சற்று மேலே வருகிற இடத்தில் பறக்கும் நூலுக்கு முடிச்சுப் போடுங்கள். வால் 10 முதல் 12 அடி, பழைய சேலைக் கிழிசலாக இருந்தால் நல்லது. அம்மாவின் பட்டை வாலானது பிள்ளைகளுக்கு நினைவிருக்கும்.

சுற்றிச் சுற்றித் தரையில் குத்தினால் வால் போதவில்லை, இரண்டு அடி கூட்டுங்கள். தூக்கவே மறுத்தால் முடிச்சை அரை அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். ஒரே பக்கம் சாய்ந்தால் குறுக்குக் குச்சி ஒரு பக்கம் கனமாக இருக்கிறது, அந்தப் பக்கத்தைச் சீவுங்கள். நூல் வெறும் பருத்தி நூல்தான். நைலான் மாஞ்சா நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுக்கத் தடை செய்திருக்கிறது, கழுத்தை அறுக்கும் பொருள் அது. மின்கம்பி இல்லாத ஏரிக்கரையோ தரிசோ பாருங்கள்.

திரை, வெளிச்சம், சத்தம்

தொடர்ச்சிப் படம் முதல் படத்தைவிட இருட்டானது. மூடுபனிக்குள் பிள்ளைகள் வழி தவறுவது, விளக்கேற்றுகிறவர்களின் நடனம், பிக் பென்மேல் இரவில் ஏறுவது எல்லாம் மங்கலான வெளிச்சத்தில் நடக்கின்றன. முதல் படம் நன்றாகத் தெரிந்த ஏற்பாட்டிலேயே இது சாம்பல் குழம்பாகத் தெரியலாம். திரையிடும் முன்னால் மூடுபனிக் காட்சியை ஓட்டிச் சோதியுங்கள். விளக்கேற்றுகிறவர்களின் முகம் கடைசி வரிசையிலிருந்து தெரியாவிட்டால் திரையைச் சின்னதாக்க வேண்டும்.

12 அடி அகலம், 6 அடி 9 அங்குலம் உயரத் திரைக்கு 3000 லூமென் ப்ரொஜெக்டர் வேண்டும். பல வருடம் ஓடிய விளக்கு அதில் பாதிதான் கொடுக்கும். அப்போது அகலத்தை 9 அடியாகக் குறையுங்கள். பரப்பு 81 சதுர அடியிலிருந்து சுமார் 46 ஆகும், இழந்த வெளிச்சம் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பி வரும். பெரிய திரை என்ற ஆசையில் இதைச் செய்யாமல் விடுகிறவர்களே அதிகம். தொடர்ச்சிப் படம் அகலச் சட்டகம் என்பதால் 12 அடித் திரையில் மேலும் கீழும் சுமார் 10 அங்குலக் கறுப்புப் பட்டை வரும். அதைக் கோளாறு என்று நினைத்துப் படத்தை இழுத்து நிரப்பினால் எல்லோரும் ஒல்லியாக நீண்டுவிடுவார்கள்.

சுவர் இருந்தால் துணி வேண்டாம். பளபளப்பில்லாத வெள்ளை டிஸ்டெம்பர் இரண்டு பூச்சு பூசிய பள்ளிச் சுவரைவிட மலிவான நல்ல திரை கிடையாது. ஃபிளெக்ஸ் பேனரின் பின்பக்கத்தைக் கட்டாதீர்கள், நடுவில் ப்ரொஜெக்டரின் ஒளி ஒரு உருண்டையாகத் தெரியும். துணிதான் என்றால் கனமான வெள்ளைக் காடா, பின்னால் கறுப்புத் துணி, ஓரத்தில் அடிக்கு ஒரு ரிங், சைக்கிள் டியூப் துண்டால் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். மணிக்கு 30 கி.மீ. காற்றடித்தால் அந்தத் துணிமேல் ஏறக்குறைய 40 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் இருக்கும். வேகம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்கு. அதனால் ஆனி, ஆடியில் வெட்டவெளித் திரையை நினைக்கவே வேண்டாம். திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 4 அடி, முதல் வரிசை திரையிலிருந்து 10 அடி, கடைசி வரிசை 40 அடிக்குள். பாயில் ஒரு பிள்ளைக்கு 5 சதுர அடி கணக்கு.

வகுப்பறையில் பகலில் காட்டுவதானால் ஜன்னலைவிட மேலே உள்ள காற்றுவழித் துளைகளும் கதவிடுக்குமே படத்தைக் கெடுக்கின்றன. கறுப்புத் தார்ப்பாய் அடியுங்கள். பழுப்புக் காகிதம் இரண்டு மடிப்பு போட்டாலும் ஒளி கசியும்.

சத்தத்தில் மிக அதிகம் நடக்கும் கோளாறு: பாட்டும் இசையும் கணீரென்று கேட்கும், பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். படத்தின் ஒலி 5.1 தடத்தில் இருக்கிறது, பேச்சு நடுச் சேனலில் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இருக்கும்போது நடுச் சேனல் எங்கும் போகாமல் விழுந்துவிடுகிறது. பிளேயரின் ஒலி அமைப்பில் ஸ்டீரியோ என்று மாற்றினால் போதும். மைக் செட்காரரிடம் டிரெபிள் ஏற்றச் சொல்லிப் பயனில்லை. புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். ஒலி உதட்டசைவுக்குப் பின்னால் வரும், நடனத்தில் காலும் தாளமும் சேராது. ம்ம் என்று ஒரு முனகல் கேட்டால் மடிக்கணினிச் சார்ஜரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் சொருகிப் பாருங்கள்.

படத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில் சட்டமும் தொழில்நுட்பமும் ஒரே பக்கம் நிற்கின்றன. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கல்வி நிலையத்தின் செயல்பாடாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர், பாதுகாவலர், நிலையத்தோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்க்கும்படி படம் காட்ட இடம் தருகிறது. ஊர் முழுக்கத் தண்டோரா போட்டு அழைப்பதோ கட்டணம் வாங்குவதோ அதில் சேராது. அதற்கு உரிமம் பெற வேண்டும். சந்தாச் செயலிகள் பொதுவாக வீட்டுப் பயன்பாட்டுக்கானவை. அது தவிர, பழைய வி.ஜி.ஏ. ப்ரொஜெக்டரில் மாற்றியைப் போட்டு ஓட்டினால் திருட்டுத் தடுப்புப் பூட்டு விழுந்து, சத்தம் வரும், படம் கறுப்பாக நிற்கும். அசல் வட்டு வாங்குங்கள். டிவிடிக்கு இந்தியா 5-ஆம் மண்டலம், புளூ-ரேக்கு சி மண்டலம். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய வட்டு இங்குள்ள பிளேயரில் ஓடாமல் போகலாம், முதல் நாளே போட்டுப் பாருங்கள்.

மின்சாரம்: ப்ரொஜெக்டர் சுமார் 300 வாட், மடிக்கணினி 65. 150 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் இந்த இரண்டையும் 130 நிமிடம் தாங்கும். ஆம்ப்ளிஃபயரையும் அதிலேயே சேர்த்தால் கடைசி காட்சியில் கைவிடும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ப்ரொஜெக்டருக்கு மட்டுமாவது ஒரு யு.பி.எஸ். வையுங்கள். சூடாக எரியும் விளக்கு திடீரென்று அணைந்து விசிறியும் நின்றால் விளக்கின் ஆயுள் குறையும். ஆறும்வரை சில நிமிடம் மறுபடி எரியவும் எரியாது.

நாளும் பொழுதும்

தருமபுரியில் டிசம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்னால் பொழுது சாயும், ஜூனில் 6.45-ஐ ஒட்டி. வெட்டவெளியில் பொழுது சாய்ந்து 40 நிமிடம் கழித்தே திரை கறுக்கும். முன்னுரை 10 நிமிடம், இடைவேளை 15 நிமிடம் சேர்த்தால் டிசம்பரில் 9.10-க்கு முடியும், ஜூனில் பத்து மணி ஆகும். அதனால் தை, மாசிதான் வெட்டவெளிக்கு நல்ல காலம். மார்கழியில் பனி இறங்கும். எட்டரைக்குமேல் லென்ஸில் ஈரம் படிந்து படம் பூசினாற்போலத் தெரியும், ப்ரொஜெக்டருக்கு மேலே குடை கட்டுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு ஈசல் வரும். திரைக்கு எதிர்ப்பக்கம் 50 அடி தள்ளி ஒரு குண்டு பல்பு எரியவிட்டால் பாதிக்குமேல் அங்கே போகும். ப்ரொஜெக்டரின் காற்று வாயில் துணியைச் சுற்றாதீர்கள், சூடேறி நின்றுவிடும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளிப் பக்கம் காட்டோர ஊர்களில் இரவுத் திரையிடலே வேண்டாம். கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும். படம் முடிந்து ஒன்பது மணிக்கு இருட்டில் பிள்ளைகளை நடந்து அனுப்ப முடியாது. பகலில், அறைக்குள், பத்து மணிக்குத் தொடங்கி மதிய உணவுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

படம் முடிந்ததும் குழல்விளக்கைப் பட்டென்று போடாதீர்கள். பெயர்ப் பட்டியல் ஓடும் அந்தச் சில நிமிடத்தில்தான் பிள்ளைகள் ரெண்டு காசையும் காத்தாடியையும் தங்களுக்குள் சேர்த்து வைத்துப் பேசுவார்கள். ப்ரொஜெக்டரை அணைத்தபின் விசிறி தானாக நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்க வேண்டாம். பனியில் நனைந்த காடாத் துணியை அப்படியே சுருட்டி வைத்தால் ஒரே வாரத்தில் கறும்புள்ளி விழும். மறுநாள் வெயிலில் கொடியில் போட்டு, காய்ந்த பிறகு மடிக்காமல் ஒரு பி.வி.சி. குழாயில் சுற்றி வையுங்கள்.